மூன்றாம் படியைத் தாண்டாத தண்ணீர்

முகாமுக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் ஃப்ரிட்ஜை மாடியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். வெள்ளத்துக்குப் பயந்து சாமானை மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. வெள்ளம் வடிந்தபின் நல்ல சாமானைச் சேற்றுக்குள் இறக்குகிற மனிதரை அவர் மனைவி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"வேணாங்க, அசிங்கமா இருக்கு. அதுவும் இல்லாம உள்ள..."

"வாய மூடிட்டு அந்தப் பக்கம் பிடி."

வாயை மூடிக்கொண்டு பிடித்தாள்.

தெருவில் அவருக்கு 'வானிலை' என்று பெயர். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுவது தொழில். காற்றையே பிடித்து ரப்பருக்குள் அடைக்கிறவருக்கு மழையைப் பற்றித் தெரியாதா என்று யாரோ கிண்டலாக ஆரம்பித்தது. போகப்போக அவரே அதை நம்பிவிட்டார். ஆற்றங்கரைத் தெரு அது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். தன் வீட்டு வாசற்படியில் நின்று வானத்தை ஒரு பார்வை, ஆற்றை ஒரு பார்வை பார்ப்பார். "மூணாவது படியத் தாண்டாது. போய் வேலையப் பாருங்க" என்பார். இத்தனை வருஷமாகத் தாண்டியதில்லை. ஆறு இனாமாகக் கொடுத்த பெருமையைத் தன் சம்பாத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை மழையோடு புயலும் சேர்ந்துகொண்டது. காலையிலேயே எதிர்வீட்டுத் தையல்காரி குடையோடு வந்தாள். புருஷன் போன பிறகு இரண்டு தையல் மிஷின்களை நம்பிப் பிழைக்கிறவள். மாடி இல்லாத வீடு.

"அண்ணே, ஆட்டோ வந்திருக்கு. மிஷினையும் துணியையும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோயிரட்டுமா?"

"எதுக்கு? மூணாவது படியத் தாண்டுச்சுன்னா என் பேர மாத்திக் கூப்பிடு."

அவள் சிரித்துவிட்டு ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள்.

சாயங்காலம் மேல்கரையில் இருக்கும் மச்சினன் போன் பண்ணினான். "மாமா, இங்க பாலமே முங்கிடுச்சு. அடுத்து உங்க பக்கந்தான். சாமான ஏத்துங்க."

புருஷனும் பெண்சாதியுமாக மூச்சு வாங்க ஏற்றினார்கள். ஃப்ரிட்ஜை மாடி அறையில் வைத்ததும் மனைவி, "எதிர்வீட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள். வாசல் வரைக்கும் போனார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. காலையில் அடித்துச் சொன்னதைச் சாயங்காலம் எப்படி மாற்றிச் சொல்வது? சொல்லி, தண்ணீர் வராமல் போய்விட்டால் தெருவே கைகொட்டிச் சிரிக்குமே. தண்ணீர் இன்னும் முதல் படிக்குக்கூட வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டார். அவர் பொறுத்தார், ஆறு பொறுக்கவில்லை. விடிவதற்குள் மூன்றாம் படியைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. படகில் ஏறித் தையல்காரி வெறுங்கையோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போனதை மாடி ஜன்னலில் ஒளிந்து நின்று பார்த்தார்.

இப்போது ஃப்ரிட்ஜை வாசலில் நிறுத்தி வைத்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அப்பினார். மேலே, பக்கவாட்டில், கதவின் கைப்பிடியில். சுண்ணாம்பு அடிக்கிறவர்கூட அத்தனை சிரத்தையாக அடிக்க மாட்டார். மனைவி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் முகாமிலிருந்து ஆட்கள் திரும்பித் தெரு நிறைந்தது. தையல்காரி தன் வீட்டுக்குள் போனாள். சேற்றுக் கட்டியாக இருந்த மிஷின்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டாள். கஸ்டமர்கள் கொடுத்த துணிகள் ஒரே நிறத்தில் குவிந்தன. பிறகு வாளியோடு எதிரே வந்தாள்.

"ஐயையோ, உங்க ஃப்ரிட்ஜும் போச்சா?"

அவர் தலையாட்டினார்.

"முகாம்ல உக்காந்து உங்களக் கண்டபடி திட்டினேண்ணே. மனசுல வச்சுக்காதீங்க. நீங்களும் நம்பித்தானே இருந்திருக்கீங்க."

முகத்தில் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பார். இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது; அவர் ஃப்ரிட்ஜின் கதவை மறைத்து நகர்ந்து நின்றார்.

"தள்ளுங்க, நான் கழுவுறேன். வெயில்ல காயவச்சா ஓடினாலும் ஓடும்."

"வேணாம்மா, நீ போய் உன் வேலையப்..."

அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் எலிக்குப் பயந்து மனைவி அதை அலமாரியாக்கியிருந்தாள். தீப்பெட்டிகள், சர்க்கரைப் பொட்டலம், அடுக்கி வைத்த துணிகள். எல்லாவற்றுக்கும் மேலே, போன மாதம் தையல்காரி தைத்துக் கொடுத்த நீல ரவிக்கை, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவள் கை ரவிக்கையை நோக்கிப் போய் நின்றது. விரல்களைத் தன் புடவையில் துடைத்தாள். புடவையிலும் சேறுதான். மறுபடி துடைத்தாள். பிறகு எதையும் தொடாமல் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அண்ணி" என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். "துணியெல்லாம் மாடிக்கு எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா சேறு பட்டுரும்."

அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, அவர் அப்பிய சேற்றைக் கைப்பிடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.