நடுவருக்குத் தெரியாத ஆள்

எங்கள் கரம்பைக்குளம் மக்கள் ஒன்றியத்துக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதியது நான்தான். பதினான்கு வருஷம் அந்த ஊருக்குக் கிராம சேவகராக, சனத்தின் வாயில் விதானையாக, இருந்த தில்லையம்பலம் என்றால், ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தெரியும். இங்கே வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் செக்கியூரிற்றி வேலை. அது கிடக்கட்டும்.

முந்தின தலைவர் எல்லா அதிகாரத்தையும் தன் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார். ஒன்றியத்தின் கடிதத்தாளில் ஆர் ஆருக்கோ 'இவர் எங்கள் ஊரவர்' என்று எழுதிக் கொடுத்தார். அதில் பாதிப்பேர் எங்கள் ஊரைக் கண்ணாலும் கண்டதில்லை. ஒரு ஜனாதிபதியின் கையில் எல்லாம் போனால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெளிந்து ஓடிவந்த சனம் நாங்கள். இங்கேயும் அதே கூத்தா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைப்ரரியில் அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிய புத்தகம் எடுத்துப் படித்து, முப்பத்தொரு பிரிவு எழுதினேன். தீர்மானம் எடுப்பது சபை. அதை நிறைவேற்றுவது தலைவர். தகராறு வந்தால் தீர்ப்பது மூன்று நடுவர்கள். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக்கூடாது. எங்கள் சனம் இருக்கிற மில்லிக்கன், மோர்னிங்சைட், வெக்ஸ்போர்ட் மூன்றும் மாநிலங்கள் மாதிரி. மில்லிக்கனில் ஒன்பது குடும்பம்தான், ஆனாலும் சபையில் மூன்று பகுதிக்கும் இரண்டிரண்டு பிரதிநிதிக் கதிரை. "கனடாவிலேயே இப்பிடி இல்லை அண்ணை" என்று பகிடி பண்ணினார்கள். பண்ணிவிட்டு, என்னையே முதன்மை நடுவராகத் தெரிவுசெய்தார்கள்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் எங்கள் ஊர்ப் பிள்ளை குணவதியின் அகதி விசாரணைக்கு நாள் வந்தது, ஒரு வியாழக்கிழமை. அவளிடம் அடையாள அட்டை இல்லை. இடம்பெயர்ந்த வழியில் எல்லாம் தொலைந்துவிட்டது. அவள் எங்கள் ஊரவள் என்று ஒன்றியம் ஒரு கடிதம் தந்தால் வழக்குத் தப்பும் என்று அவளுடைய லோயர் சொன்னார். பதினோராம் பிரிவின்படி அப்படிக் கடிதம் கொடுக்கச் சபையின் சம்மதம் வேண்டும். சபை கூட இருந்த ஞாயிறு பார்த்துப் பனி கொட்டித் தீர்த்தது. கூட்டம் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. புதுத் தலைவர் அமிர்தநாதர் நாளைப் பார்த்தார், தானே கையெழுத்து வைத்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

மில்லிக்கன் பிரதிநிதி பரிமளம் முறைப்பாடு எழுதி, போனிலும் என்னைப் பிடித்தார்.

"குணவதி பாவம்தான் அண்ணை. ஆனா இண்டைக்கு உவவுக்கெண்டு விட்டால், நாளைக்கு ஆருக்குக் குடுப்பினமோ? உதுக்குத்தானே நீங்கள் யாப்பு எழுதினீங்கள்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. என் யாப்புக்கு முதல் வழக்கு அல்லவா? மற்ற இரண்டு நடுவர்களும் "நீங்கள் சொல்லுறதுதான் அண்ணை" என்று போனை வைத்தார்கள்.

திங்கட்கிழமை அமிர்தநாதர் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தில்லையர், நான் செய்தது பிழைதான். தீர்ப்பைக் குடும். ஆனா வியாழன் கழிஞ்சு குடும்."

"நிறைவேற்றுறவர் நீதிக்கு நாள் குறிக்கிறதோ?"

"சரி, அதை விடும். அந்தப் பிள்ளையை உமக்குத் தெரியும்தானே. நீர் தனியா ஒரு கடிதம் எழுதும். ஊரில எத்தினை பேருக்கு எழுதினனீர்."

தெரியாமல் என்ன? அரிசி, சீனி வாங்கும் கூப்பன் கார்டில் அவள் பெயரைப் பதிந்தது என் கை. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பி, அவளுக்காகக் கையெழுத்து வைத்ததும் நான்தான். படத்தில் பொட்டுக் கோணலாக விழுந்துவிட்டது என்று என் மேசைக்கு முன்னால் நின்று அழுதவள் அவள்.

"தீர்ப்புச் சொல்லுறவன் சாட்சி சொல்லக்கூடாது. இருபத்துமூண்டாம் பிரிவு. ஊரில இருந்த விதானைக்கு அவளைத் தெரியும். நடுவருக்குத் தெரியாது" என்றேன்.

 அமிர்தநாதர் திரும்பிக் காருக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு எழுதினேன். கடிதம் செல்லாது, அதைப் பெற்றவர்களுக்கு உடனே அறிவிக்க வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றுவது தலைவரின் கடமை என்றும் நான்தான் எழுதியிருந்தேன். அந்த மனுசன் அதை மீறவில்லை, தன் கையாலேயே லோயருக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். செல்லாது என்று தெரிந்த கடிதத்தை லோயர் எப்படிக் கொடுப்பார்? வியாழக்கிழமை குணவதி வெறுங்கையோடு போனாள்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. அந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லையாம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அதற்கடுத்த ஞாயிறு சபை கூடியது. பரிமளமே முன்மொழிய, ஒருவரும் எதிர்க்காமல் குணவதியின் கடிதத்துக்குச் சம்மதம் தந்தார்கள். முடிவுக்குப் பிறகு எழுதிய கடிதத்தை எடுக்கமாட்டார்கள் என்று லோயர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிறகு என் தீர்ப்பை முன்மாதிரி என்று குறிப்பேட்டில் பதிந்து கை தட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மத்தியானம் குணவதி என் வேலைத்தலத்துக்கு வந்தாள். கோட்டிலிருந்த பனியைத் தட்டிவிட்டு மேசைக்கு முன்னால் நின்றாள். அன்று ஊரில் நின்ற அதே மாதிரித்தான்.  கட்டடத்துக்குள் வருகிறவர்கள் பெயரும் விலாசமும் எழுதும் புத்தகத்தைப் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் பேனையைத் தொடவில்லை.

"நான் ஆர் எண்டு உங்களுக்கும் எழுதிக் காட்டவேணுமோ, மாமா?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். மேசை லாச்சியை இழுத்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். 'கரம்பைக்குளத்தின் முன்னாள் கிராம சேவகர் தில்லையம்பலமாகிய நான், இவரைச் சிறுவயது முதல் நேரில் அறிவேன்' என்று தொடங்கி, அவளுடைய தகப்பன் பெயர், வீட்டு இலக்கம், கிணற்றடி ஒழுங்கை எல்லாம் எழுதினேன். ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. கையெழுத்தும் வைத்தேன். முடிவுக்குப் பிந்திய திகதியைப் போடும் இடத்தில்தான் கை நின்றது.

"போடுங்கோ மாமா" என்றாள் குணவதி. "இண்டையத் திகதியைத்தானே போடவேணும்."