குப்பையில் கிடந்தது

1

இந்தக் கதை குப்பையில் கிடந்தது. எடுத்து வந்தேன். என்னுடையது இல்லை.

எழுதுகிற ஆள் இப்படிச் சொன்னால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் அடக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் சொல்வதற்குக் காரணம் வேறு, அது கடைசியில் வரும். (பொறுமை இல்லாதவர்கள் நேரே அங்கே போய்விடலாம். ஆனால் அங்கே இருக்கிற எதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.)

கதை கிடைத்த இடம் வில்லியனூர் பஸ் நிறுத்தம். விழுப்புரம் பஸ்ஸுக்காக இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி அழுது முகம் வீங்கியிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவள் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரு கேட்டாலும் சொல்லாதடி. மதகடிப்பட்டு தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்காத."

பஸ் வந்தது. அழுதவள் ஏறிப் போய்விட்டாள். நான் கேட்டது அவ்வளவுதான், மீதி எல்லாம் என் கைச்சரக்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பல வருடங்களுக்குப் பிறகு சொந்த மண்ணை மிதித்தபோது ஜெயசித்ராவின் கண்கள்—

அடித்துவிட்டேன். மண்ணை மிதித்ததும் கண் கலங்குகிற பெண் யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பஸ் மாறி வந்து இறங்கினால் முதலில் கக்கூஸ் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் கிடைத்ததும் முதல் வேலையாக, இவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக்கொள்வேன். நம் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஊருக்குள் புது முகம் தெரிந்தால் பெயரைக் கூடக் கேட்க மாட்டார்கள், இதைத்தான் கேட்பார்கள். அப்பா யார், எந்தத் தெரு என்று தெரிந்துவிட்டால் மூக்கும் முழியும் தானாக வந்துவிடும். ஆகவே கேட்டேன். கிடைத்த பதிலை எழுதினேன்:

ஜெயசித்ராவின் அப்பா

(இங்கே ஒரு பெயர் இருந்தது. அம்மாவின் பெயரும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். ஊரின் பெயரையும்தான். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கரும்பு வெட்டுகிற குடும்பம். இவளுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து இறந்தன. அவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் தேவை இல்லை என்று நினைத்தேன். ஜெயசித்ரா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது குடும்பம் அவசர அவசரமாகத் திருப்பூருக்குப் போய்விட்டது. இப்போது அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்குகிறாள். தையல் பிசகிய துணியைத் தொட்டே கண்டுபிடித்துவிடுவாள்.

3

அவளுக்கு இருந்த குறை ஒன்றுதான். அம்மா அவளை ஒருநாளும் தன் மகள் என்று சொன்னதில்லை.

சோறு போட்டாள், தலை பின்னினாள், அம்மை போட்டபோது பத்து நாள் கூடவே படுத்திருந்தாள். ஆனால் லைன் வீட்டில் பக்கத்துக்காரி "உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டால், "எங்கூட இருக்குது" என்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "கெடந்துச்சி, வளத்தோம்" என்று சொல்லித் தொலைத்தாள். கல்யாணம் நின்றுபோகாமல் நூலிழையில் தப்பியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஆடியில் அம்மாவுக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "பாட்டிம்மா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஜெயசித்ரா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள்.

"கூட வந்துருக்குது," என்றாள் அம்மா. மறுநாள் போய்விட்டாள்.

(இந்த இடத்தை எழுதும்போது இந்த அம்மா மேல் எனக்குக் கடுங்கோபம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா என்று சந்தேகப்பட்டேன். வில்லியாக ஆக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, ஆக்கவில்லை.)

4

திருப்பூருக்குச் சரக்கு எடுக்க வந்த அன்புராஜ் அவளைக் கம்பெனி வாசலில் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சில் இருந்தவன், இப்போது பாகூரில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறான். புருவத்தில் இருந்த தழும்பை வைத்து அடையாளம் கண்டுபிடித்து வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டான். குழுவில் சகாயராணி இருந்தாள். அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரே சிலேட்டைப் பகிர்ந்துகொண்டவள், இப்போது அரியூரில் ஒரு லேப்பில் வேலை. அவள் அனுப்பிய குரல் செய்தியில் முதல் அரை நிமிடம் அழுகைதான்.

பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. கேட்க அப்பாவும் இப்போது இல்லை, அங்கே போய்க் கேட்டுவிடுவது என்று ஜெயசித்ரா கிளம்பினாள். நான் யாருக்குப் பிறந்தவள்? ஊருக்குத் தெரியாத ரகசியம் உண்டா?

பஸ்ஸை விட்டு இறங்கியதில் இருந்தே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சாமான் கடை வாசலில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அடையாளம் தெரிந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும், "யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்கவில்லை. ஒரு கிழவர், "வாம்மா, சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நான் இன்னார் வீடு, இன்னார் மகன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். முறை ஜெயசித்ராவிடம் வந்தது. சிரிப்பு நின்றது.

"டேய், பிரியாணி ஆறிப்போவுதுடா," என்று அன்புராஜ் எழுந்தான். மொத்தக் கூட்டமும் எழுந்தது.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. திருப்பூரில் இல்லாத அம்மா இங்கேயும் இல்லை என்று தோன்றியது.

5

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மௌனத்தை நான் திட்டமிடவில்லை. கதை நகர வேண்டுமே, யாராவது அவளைக் கேட்க வேண்டுமே என்று எனக்கு அரிப்பு. ஆகவே ஒரு டீக்கடைக்காரரை வைத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"யாரு—

சக்கர கம்மியா போடட்டுமா?" என்று முடித்தார்.

சரி என்று ஆடு மேய்க்கிற ஒருவரைக் கொண்டுவந்தேன். (எனக்குக் கதை மாட்டிக்கொண்டால் ஆட்டுக்காரர் வருவார். என் வாசகர்களுக்குத் தெரியும்.) அவர் அவளைப் பார்த்தார், ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வரப்போடு போய்விட்டார். அதே வாக்கியத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. என் ஆட்கள் இப்படி என் பேச்சைக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. மத்தியான நேரம், வெளியே நல்ல வெயில். எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

6

சாப்பிட்டதும் சகாயராணி அவளை அழைத்துக்கொண்டு நடந்தாள். வீடு இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். பக்கத்தில் கரும்பு. ஊரில் எல்லாம் மாறியிருந்தது, குப்பைமேடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு சாணியும் சாம்பலும், இப்போது பாலித்தீன் பை. ஒரு நாய் அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

"இங்கதான்," என்றாள் சகாயராணி.

"இன்னா இங்க?"

"உங்கம்மா உன்ன இங்கதான்டி போட்டுச்சி."

ஜெயசித்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நா அவங்களுக்குப் பொறக்கலையா?"

"ஐயோ லூசே! பெத்துத்தான் போட்டுச்சி. மூணு புள்ள தங்கல இல்ல? பச்ச ஒடம்போட வந்து உன்ன குப்பையில வெச்சிது. எங்கம்மா தெரியாத மாதிரி வந்து எடுத்துது. 'யாரு வூட்டுப் புள்ள இது?'ன்னு சத்தமா கேட்டுச்சாம். உங்கம்மா, 'எங்க வூட்டுது இல்ல, குப்பையில கெடந்துச்சி'ன்னு சொல்லிட்டு, ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்கிக்கினு போச்சி. அந்த மூணையும் கொண்டுக்கினு போனது தேடிக்கினு வந்தா ஏமாந்து போவணும்னு. எங்க தெரு மாதா கோயில் தெரு, அங்க வர அதுக்கு வழி தெரியாதுன்னு எங்க வூட்ட புடிச்சிதாம் உங்கம்மா."

(தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று நாமும் கேலி செய்திருக்கிறோம். மற்ற வீடுகளில் பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் இது மறந்துபோகும்.)

"அத்தோட வுட வேண்டியதுதான? எதுக்கு சாவற வரைக்கும் என்ன..." என்றாள் ஜெயசித்ரா.

"வுட்டுதுதான். அஞ்சாங் கிளாஸுல புது டீச்சர் வந்தாங்க இல்ல? நீ யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேட்டாங்க. நீ எழுந்து உங்கப்பா பேர சொன்ன. நா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். மத்தியானமே உனுக்கு ஜொரம். கண்ணு மேல சொருவிக்கிச்சி. உங்கம்மா இதே மேட்டுல வந்து வுழுந்து, எங்க புள்ள இல்ல, எங்க புள்ள இல்லன்னு ஊரே கேக்கற மாதிரி கத்துச்சி. விடியறப்ப ஜொரம் எறங்கிச்சி. அதுக்கப்பறம் ஊருல யாரும் உன்ன கேக்கக் கூடாதுன்னு ஆயிப்போச்சி. புதுசா வர்றவங்க கேட்டா இங்க சுத்தற அதுக்கும் காதுல வுழுந்துரும்னுதான் உங்கம்மா ஊரையே வுட்டுப் போச்சி."

ஜெயசித்ராவுக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இருந்தது. காரணம் தெரியாமல் இருந்தது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, நர்ஸிடம் பொய் சொல்லக் கடைசித் தெம்பைச் செலவழித்தது இப்போது புரிந்தது. குப்பைமேட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழ அழச் சிரிப்பும் வந்தது.

"அப்ப அது எங்கம்மாதான்," என்றாள்.

"மெதுவாடி," என்றாள் சகாயராணி.

7

"யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?"

இந்த வரியை எழுதும்போது, கேட்கிற ஆளை நான் இன்னும் வைக்கவில்லை. பிறகு யாரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது. சகாயராணி சுற்றுமுற்றும் பார்த்தாள். கடும் வெயில். கரும்பு அசையவில்லை. நாய் எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு போனது.

ஜெயசித்ரா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுதும் யாரும் சொல்ல விடாத பதில் தொண்டை வரை வந்து நின்றது.

முதல் முடிவு: அவள் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் உரக்கச் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை. படித்தவர்கள் ஒப்புக்கொள்கிற முடிவு. எழுதி மேலே போனேன்.

ஜெயசித்ரா பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக

நகரவில்லை. மறுபடி:

மத்தியானமே ஜெயசித்ராவுக்கு

அவசரமாக அழித்தேன். அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் இந்தக் கதையில் ஒரு வரிக்கு மேல் வாழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் இரண்டாம் பகுதியில் இருந்த பெயர்களை எடுத்தேன்.

இரண்டாம் முடிவு: "குப்பையில கெடந்தேன்" என்று அவளே சொன்னாள். உயிர் தப்பியது. ஆனால் அம்மா கிடைத்த அதே இடத்தில் அம்மாவை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குத் தாங்கவில்லை. அதையும் கிழித்தேன்.

பிறகு, கேட்டது யார் என்று தேடினேன். டீக்கடைக்காரர் கேட்கவில்லை. ஆட்டுக்காரர் கேட்கவில்லை. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கம் பக்கமாகப் பின்னால் போனேன். இரண்டாம் பகுதியில் இருந்தது: இவள் யார் வீட்டுப் பெண்? நான் எழுதியது. முதல் வேலையாகக் கேட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஊரே இத்தனை வருடம் வாயைக் கட்டிக் காத்ததை நான் ஒரே வரியில் அவிழ்த்துவிட்டேன். யாருக்காகக் கேட்டேன்? தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயசித்ரா வாயைத் திறந்தாள். "நான்—"

அடுத்தது நான் எழுதியது இல்லை. சகாயராணி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கெடந்துச்சி!" என்று கத்தினாள். "குப்பையில கெடந்துச்சி. எங்கம்மா எடுத்துச்சி. உனுக்கு இன்னாத்துக்கு அது?"

அவள் கரும்பைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

இருவரையும் வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பிவைத்தேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. எல்லையில் இருக்கிற மதகடிப்பட்டைத் தாண்டியதும் ஜெயசித்ரா வாயைத் திறந்து என்ன சொன்னாள், சொன்னாளா, வீடு போய்ச் சேர்ந்தாளா என்பதெல்லாம் உங்களுக்கு. நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

ஆனால் ஒன்று. இதைப் படித்ததை யாரிடமாவது சொல்வீர்கள். அவர்கள் கேட்பார்கள்: நிஜமா? எந்த ஊர்? அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்? மிகவும் அன்பாகக்கூடக் கேட்கலாம். குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்காதீர்கள். தெரியாது என்றும் சொல்லாதீர்கள், தெரியாது என்றால் தேடும்.

குப்பையில் கிடந்தது என்று சொல்லுங்கள். நீங்கள்தான் எடுத்தீர்கள்.