வெள்ளை விளக்குக்குப் பூக்காத தோட்டம்

பக்கத்துத் தோட்டங்களெல்லாம் மொட்டுவிட்டுக் குலுங்க, லுவாவின் டிராகன் பழத் தோட்டம் மட்டும் வெறும் பச்சையாக நின்றது. பழம் போனால் போகிறது, பூத்தால்தானே மகள் வருவாள்!

மகள் யெனுக்கு சைகோனில் தையல் ஆலையில் வேலை. புத்தாண்டுக்குப் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். விதவை அம்மாவிடம் வருவது, காய் அழுகாமலிருக்க வாடிய பூவிதழ்களைப் பிடுங்கும் அந்த ஒரு வாரம்தான்.

குளிர்கால நீள இரவில் இந்தச் செடி பூக்காது. இவர்கள் ஊரான பான் தியெட் பக்கம் வரிசை வரிசையாக பல்பு தொங்கவிட்டு, இரவை நடுவில் உடைத்து, கோடை வந்துவிட்டதென்று செடியை ஏமாற்றுவார்கள். அம்மா முக்காலியில் ஏறி ஃபியூஸான பல்பை மாற்றுவதைப் பார்த்துப் பதறிய யென், இந்த முறை பெட்டி பெட்டியாக வெள்ளை எல்.இ.டி. வாங்கி அனுப்பியிருந்தாள். பாசத்தைக் குறை சொல்ல முடியுமா?

"என்ன லுவா, தோட்டமா ஆஸ்பத்திரியா?" வேலிக்கு அந்தப்புறமிருந்து பாவு கேட்டார்.

"சும்மா இருங்கண்ணே. உங்க பல்பைவிட வெளிச்சம் ஜாஸ்தி."

"உன் கண்ணுக்கு ஜாஸ்தி. செடிக்குச் செவப்புல்ல வேணும்?"

மனுஷன் வாய்க்கொழுப்பு பிடித்தவர்தான், ஆனால் சொன்னது நிஜம். பழைய பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்து எரிகிறது; சூட்டோடு சிவப்பையும் அள்ளிக் கொட்டுகிறது. வெள்ளை விளக்கில் கம்பியே கிடையாது. உள்ளே ஒரு பொட்டு நீலமாக ஒளிர, மேலே பூசிய மஞ்சள் பொடி அதை வெள்ளையாக்குகிறது. ஊசியில் நூல் கோக்க அருமையான வெளிச்சம். செடி தேடும் அடர்சிவப்போ அதில் பேருக்குத்தான். பாவம், செடியைப் பொறுத்தவரை அது இன்னும் இருட்டுதான்.

அடுப்படி ஜன்னலோரம் ஒரே ஒரு கம்பத்தில் படர்ந்திருந்த செடி மட்டும் பூத்தது. ஆளில்லாத வீட்டில் இருட்டில் படுக்கப் பயந்து, லுவா விடிய விடிய எரியவிடும் பழைய மஞ்சள் பல்பு அங்கேதான் இருந்தது.

போன் வந்தது. "அம்மா, பூத்தாச்சா?"

"பூத்தாச்சுடி!"

"அப்ப லீவு சொல்லிடறேன். எத்தனை கம்பம்?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லத்தான் முடியவில்லை. "ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா? ஏம்மா?"

"இந்த வருஷம் அப்படித்தான்."

"அதுக்கு நான் எதுக்கும்மா? நீயே பிடுங்கிடேன். நான் அனுப்பின விளக்கு நல்லா எரியுதா?"

"நல்லா எரியுது கண்ணு."

போனை வைத்துவிட்டு லுவா வாய்விட்டு அழுதாள். கேட்கத்தான் யாருமில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பழைய பல்புப் பெட்டியைத் தூக்கி வந்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, முதல் வெள்ளை விளக்கைக் கழற்றினாள்.

வேலியோரம் பாவு பதறினார். "ஏய் லுவா, எறங்கு! விழுந்து வைக்கப்போற. மகளுக்குத் தெரிஞ்சா திட்டுவா!"

"வந்து திட்டட்டும்ணே," என்றாள் லுவா.