வெறும் வயிறு

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் மடியில் கனம் இருந்தது. குடலில் புற்று வந்து, கீழ்வழியைத் தைத்து மூடி, குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். உயிர் உள்ளவரை இனி அந்த வழிதான். ஸ்டோமா என்று அதற்குப் பெயர். பெயர் என்னவோ தூரத்துச் சொந்தக்காரி மாதிரி மரியாதையாகத்தான் இருந்தது, குணம்தான் அடங்காப்பிடாரி. நினைத்த நேரத்தில் குமுறும், சீறும். அடக்கி வைக்க அதில் தசை கிடையாது.

கடையில் எப்படியோ சமாளித்தார். வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்த அருகில் குனியும்போது ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார். பிரார்த்தனைக் கூடத்தில் ரேடியோவுக்கு எங்கே போவது? அங்கே வாரத்துக்கு ஒருநாள் காலையில் அரைமணி நேர மௌனம். ஊசி விழுந்தால் கேட்கும். வாரம் முழுக்கப் பட்ட எரிச்சலையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டு லேசாக வீடு திரும்பிய மனிதர் அவர். உடம்பு போனது போகட்டும், அந்த அரைமணி நேரமும் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று அவருக்குப் பயம்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல்நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? "பட்டினி மட்டும் கிடக்காதீங்க சார், வெறும் குடல்லதான் காத்து சேந்து ரொம்பச் சத்தம் போடும்" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"பொழச்சு வந்ததுக்கு விரதமா?" என்று மனைவி கேட்டபோது, "ம்" என்றார். அந்த ஒரு "ம்" கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கூடத்தை நடத்துகிற பெரியவர், "இந்த உடம்போட விரதம் இருக்கார், நாமளும் இருக்கோமே, மூணு வேளையும் தின்னுக்கிட்டு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பு கூசியது. மறுக்காமல் கும்பிட்டு வைத்தார்.

இப்படியே சில மாதங்கள் ஓடின. ஒருநாள் வழக்கம்போல் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருந்தார். மௌனம் தொடங்கிய சற்று நேரத்திலேயே வயிறு குமுற ஆரம்பித்தது. கையால் அழுத்தினார். இருமினார். முன்வரிசையில் ஒரு தலை திரும்பி, விஷயம் புரிந்ததும் அவசரமாக முன்னால் பார்த்துக்கொண்டது. அந்த அவசரம்தான் அவரை அதிகம் கொன்றது. எழுந்து ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நடுவரிசையில் அவர் மனைவி பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள்.

நாலு பேராகத் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். அவள் சர்க்கரை வியாதிக்காரி. கண் விழித்ததும் அவரை அவளோடு விட்டுவிட்டு மற்றவர்கள் கூடத்துக்குத் திரும்பினார்கள். யாரோ ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"மாத்திரை."

"மாத்திரை மட்டுமா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "நீங்க சாப்பிடாம இருக்கீங்கல்ல."

ஒவ்வொரு வாரமும் அவளும் பட்டினி கிடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டதை வைத்து, சாப்பிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது விரதம் இல்லடி" என்றார். "பயம். சத்தம் கேட்டா சிரிப்பாங்கன்னு பயம். அங்க உக்காந்து நான் ஒரு நாளாவது சாமி கும்பிட்டேன்னு நெனைக்கிறியா? இந்தப் பையத்தான் கும்பிட்டேன். சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடித்தாள்.

"எனக்கு மட்டும் என்ன பக்தி? உங்கள விட்டுட்டு சோறு எப்படி எறங்கும்?" பிறகு, வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "ஆபரேஷன் அன்னிக்கு வெளிய உக்காந்து உயிரக் குடுன்னுதான் கேட்டேன். சத்தமில்லாம வேணும்னு கேக்கல."

பையில் காற்று நிறைந்து சட்டை புடைத்தது. அவர் அழுத்தவில்லை. வயிறு தாராளமாக ஒருமுறை முழங்கியது. கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் மெல்லிய மரத்தடுப்புதான், அங்கே நிச்சயம் கேட்டிருக்கும். சாமிக்கு நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தார். நன்றி வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அடிவயிற்றில் தேங்கிக் கிடந்ததுதான் வந்தது.

"எனக்கு ஏன் இப்படிப் பண்ணின?" என்றார் மேலே பார்த்து, உரக்க.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. அவர் முகம் நனைந்து, கையிலிருந்த பிஸ்கட் நொறுங்கிப்போயிருந்தது.

மனைவி அவர் விரல்களிலிருந்து துகள்களைத் தட்டிவிட்டாள்.

"இத வாய்விட்டுக் கேக்கறதுக்கா" என்றாள், "இத்தன மாசம் பட்டினி கிடந்தீங்க?"