கான்பெராவில் ஒரு கோடு

ஜஸ்டஸின் அம்மா புதன்கிழமை காலையில் குளச்சலில் செத்துப்போனாள். தம்பி கிளிட்டஸ் போன் செய்தபோது ஜஸ்டஸ் ஷார்ஜா ஹேங்கரில், கான்பெரா விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தான். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நட்டை முடுக்கினான். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

கான்பெரா பழைய குண்டுவீச்சு ஜெட். உலகத்தில் இன்னும் பறக்கிறவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அர்பாப் ஒருவருக்கு, அரபு முதலாளிக்கு, அதில் ஒன்று வேண்டுமாம். பணம் இருந்தால் என்ன ஆசைதான் வராது! வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் முன்னால் அது பறந்தாக வேண்டும். இந்திய விமானப்படையில் அதோடு குடித்தனம் நடத்திய ஜஸ்டஸைத் தவிர, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட அங்கே வேறு ஆள் இல்லை.

மேனேஜர் கௌஸ் முகம்மது கல்நெஞ்சக்காரர் அல்ல. விஷயம் கேட்டதும் அவரே டிக்கெட் போட்டுவிட்டார். ஆனால் ஜஸ்டஸின் பாஸ்போர்ட் அவர் பெட்டியில். வெள்ளி மத்தியானம் விமானம் பறந்து இறங்கட்டும், சாயங்காலம் திருவனந்தபுரம் போய்விடலாம் என்றார். ஊரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கல்ஃபில் இருக்கும் மூத்த மகன் வந்து முகம் பார்க்காமல் அந்தக் கடற்கரையில் சவப்பெட்டியை மூட மாட்டார்கள். சனிக்கிழமைக்கு மேல் உடல் தாங்காது; அன்றைக்கே அடக்கம் என்று பங்குச்சாமியாரிடமும் சொல்லியாகிவிட்டது.

வெள்ளி காலை, கடைசிச் சோதனை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினான். பொடியில் மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. விரிசல்.

துடைத்துவிட்டு மறுபடி போட்டான். அதே கோடு.

துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பாழாய்ப்போன கோடு போய்விடும். பத்து நிமிஷப் பறப்பு, தாங்கினாலும் தாங்கும். பறக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டாலோ, தொங்கவிட்டவன் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை ஊரைவிட்டு நகரக்கூடாது என்பது கம்பெனி சட்டம். இன்ஸ்பெக்டர் ஞாயிறுதான் வருவார். துணி கையில்தான் இருந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். வெளியே, அதை ஓட்டப்போகிற பைலட் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

ஜஸ்டஸ் அட்டையை எடுத்துத் தொங்கவிட்டான்.

கௌஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அர்பாப் போனில் கத்திய கத்து ஹேங்கர் முழுக்கக் கேட்டது. பைலட் வார விடுமுறை வீணாய்ப் போனதென்று முணுமுணுத்துக்கொண்டு காரில் ஏறினார். மத்தியானத்துக்குள் ஹேங்கர் காலி.

ஜஸ்டஸ் ஊருக்குப் போன் போட்டான்.

"எப்பம் வாற?" என்றான் கிளிட்டஸ்.

"வர முடியாதுடே. நீங்க பெட்டிய மூடிருங்க."

கிளிட்டஸ் வாய்க்கு வந்தபடி ஏசினான். பெற்றவளைவிட அந்தத் தகரம் பெரிதாய்ப் போயிற்றா என்று கேட்டான். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான். ஜஸ்டஸ் விரிசலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தம்பி ஏசி ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

"அம்மைக்கு எந்தச் சேல உடுத்துனிய?" என்று கேட்டான்.



"நீ அனுப்புனதுதான். ஒன்னய ஏர்போர்ட்டுல கூப்புட வரும்போது உடுக்கணும்னு மடிப்புக் கலையாம வச்சிருந்தா."