முத்திரைக்காரர் வைத்த பரீட்சை

முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர் அவர். முன்பின் தெரியாத ஆளை அனுப்பி ஒரு கிலோ வாங்கி வரச் சொல்லுவார். நிறுத்துப் பார்த்துக் குறைந்தால் கடைக்காரன் தொலைந்தான். வேலையிலிருந்து ஓய்வு வந்தது, அந்தப் புத்திக்கு மட்டும் ஓய்வு வரவில்லை.

அறுபத்தாறு வயதில் அவர் கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடந்த நடையில் சம்சாரத்துக்குத் தூக்கமே போய்விட்டது.

"ஏங்க, ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ புரோஸ்டேட்னு ஒரு சுரப்பியாம். அதுல புத்துநோய் வருதாம். ரத்தத்துலயே துப்பு கிடைக்குமாம். போய்க் கொடுத்துட்டு வாங்களேன்."

"பயத்தைப் பொட்டலம் கட்டி விக்கிறவன்கிட்ட என்னைப் போகச் சொல்றியா?"

அவள் அவரோடு பேசுவதையே நிறுத்தினாள். மூன்றாம் நாள் மனுஷர் இறங்கி வந்தார், ஆனால் தன் வழியில். அவள் தம்பி லாரி டயர் கடை வைத்திருக்கிறான். ஐம்பத்தெட்டு வயதிலும் டயரை ஒற்றைக் கையால் உருட்டுவான். பட்டப்பெயர் பயில்வான். இவன் ரத்தத்துக்கே வியாதி என்று எழுதினால் பரிசோதனைக்கூடம் கையும் களவுமாகச் சிக்கும்!

"மாப்ளே, என் பேர்ல நீ ரத்தம் கொடு."

"உங்க பேரைச் சொன்னா ஊசியே வளைஞ்சிடும் மாமா," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

நாலுக்குள் இருக்க வேண்டிய எண் பதினாலு என்று வந்தது. முத்திரைக்காரர் குதித்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தார்.

"மாட்டிக்கிட்டீங்க! இது என் ரத்தமே இல்ல. நோய்நொடி இல்லாதவனோடது!"

"இல்லைன்னு யார் சொன்னா?"

"அவன்தான்."

"ஆரம்பத்துல இது வலிக்காது, பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது. எண் ஏறினா புத்துநோய்தான்னும் இல்ல, வெறும் வீக்கமாவும் இருக்கலாம். மேற்கொண்டு பார்த்தாத்தான் தெரியும். அவரை உடனே கூட்டிட்டு வாங்க. உங்க ரத்தத்தை இன்னும் யாருமே பார்க்கலையே, அதையும் கொடுங்க."

தராசு சரியாகத்தான் நின்றது. முத்திரைக்காரர் நேராக டயர் கடைக்குப் போனார்.

"உங்க பேர்ல வந்த சீக்கு உங்களுக்குத்தான் மாமா," என்றான் பயில்வான். "பயத்தை விக்கிறானுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இரண்டு நாள் கெஞ்சினார். ஜென்மத்தில் யாரையும் நம்பாதவர், தன்னை நம்பச் சொல்லி ஒரு டயர்மேல் உட்கார்ந்து அழாத குறை. வேறு வழியில்லாமல் சம்சாரத்திடம் எல்லாவற்றையும் கக்கினார்.

அவள் கடைக்கு வந்த வேகத்தில் ஜாக்கி போட்டிருந்த லாரியே ஆடியது.

"உங்களுக்குப் பதிலா என் தம்பியை அனுப்பினீங்களா? டேய், நீ பயில்வானா, புத்தி கெட்டவனா? ஏறுங்க ரெண்டு பேரும் வண்டியில!"

ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். பயில்வானுக்குப் புற்றுநோய்தான். சுரப்பியை விட்டு வெளியே கால் வைக்கவில்லை, குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. முத்திரைக்காரருக்கு வெறும் வீக்கம், மாத்திரையோடு விட்டார்கள்.

சிகிச்சை முடிந்து கடையில் உட்கார்ந்த பயில்வான், பஞ்சருக்கு வரும் டிரைவர்களிடமெல்லாம் அளக்கிறான்: "எனக்கு அப்பவே சந்தேகம்ப்பா. மாமா பயந்தாரு, நான் தைரியமா முன்னாடி போனேன்."

பச்சைப் பொய். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் முத்திரைக்காரருக்கு வயிறு எரிகிறது. ஆனால் இரண்டு டிரைவர்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வழி கேட்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வழி சொல்கிறார்.