மாப்பிள்ளை: நிறை, குறை

பழவேற்காட்டு ஜபீன் அந்தத் தாளை எழுதியது ஒரு வீடியோ கேமைப் பற்றி. பைசலுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு வாரம் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பான்.

நடந்தது இதுதான். ஜபீனின் மாமா துபாயிலிருந்து வரும்போது, கையில் வைத்து ஆடுகிற கேம் ஒன்றை அவளுக்கு வாங்கிவந்திருந்தார். விண்வெளி உடுப்பு போட்ட ஒருவன் கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடுகிற கதை. கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றாத அவனைப் பார்த்தால், முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்க நிக்காஹ்வுக்கு உட்கார்ந்தவன் மாதிரியே இருந்தது. அதனால் வீட்டில் அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் மாத இதழ் வாசகர்களிடம் கேம் விமர்சனம் கேட்டிருந்தது. ஜபீன் ஒரு முழுத்தாளில் 'மாப்பிள்ளை: நிறை, குறை' என்று தலைப்புப் போட்டு எழுதிவைத்தாள்.

அதே வாரம்தான் பைசல் வீட்டார் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணின் மனதில் உள்ளதை அவள் கைப்பட எழுதித் தந்தால் போதும் என்று பைசலின் அக்கா ஃபிர்தௌஸ் சொல்லியிருந்தாள். ஜபீனின் அண்ணன் ஃபயாஸ் மணவாள நகரில் தங்கி வேலை பார்ப்பவன், வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். கேம் சங்கதி எதுவும் அவன் காதுக்கு எட்டவில்லை. மேசைமேல் தலைப்பைப் பார்த்தான். தங்கச்சி மனசை அண்ணன் படிக்கக் கூடாது என்று மேற்கொண்டு படிக்காமல் நாலாக மடித்தான். கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பைசலின் கையிலேயே கொடுத்துவிட்டான். மனுஷன் நல்லவன்தான், இந்த மாதிரி வேலையெல்லாம் நல்லவர்களால்தான் நடக்கிறது.

பைசலுக்கு சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் வேலை. எட்டு வருஷம் மெஷினுக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்றதில் இடது காது போய்விட்டது. அதைச் சொன்னால் எவன் பெண் கொடுப்பான் என்று ஃபிர்தௌஸ் அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் இடது காது சுவரைப் பார்த்திருக்கும்படி அவனை மூலையில் உட்காரவைத்ததும் அவள்தான். அந்தச் சுவரில் ஒரு கதவு இருந்தது. ஜபீன் டீயோடு அதன் வழியாக வந்து, அவனுக்கு இடது பக்கம் நின்று ஏதோ கேட்டாள். அவன் சிரித்துவைத்தான். அவளை அவனுக்கு ரொம்பவே பிடித்துப்போயிருந்தது, அதனால்தான் இத்தனை பயமும்.

கேண்டீனில் உட்கார்ந்து தாளைப் பிரித்தான்.

'நிறை: ஆபத்து வந்தால் பின்வாங்குவதில்லை. கல் சேர்ப்பதில் கெட்டிக்காரர்.'

பைசலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் கிட்னியில் கல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததோடு அதை நிறையில் வேறு சேர்த்திருக்கிறாள். கேமில் அது ஏதோ வெடிக்கிற நீலக்கல் என்று அவன் எங்கே கண்டான்.

'குறை: சொன்னதையே மூன்று தடவை சொல்கிறார், நிறுத்த வழியில்லை. நாலு மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிப் படுத்துவிடுகிறார். முகத்தைக் காட்டுவதே இல்லை. இடது பக்கம் திரும்பவே மாட்டார், பலமுறை முயன்று பார்த்தேன். மொத்தத்தில் மோசமில்லை. பத்துக்கு ஆறு.'

பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டாதவனுக்கு நூற்றுக்கு அறுபது என்பது பெரிய மார்க். ஆனாலும் இடது பக்கம் என்ற இடத்திலேயே கண் நின்றுவிட்டது. ஃபிர்தௌஸ் தாளைப் படித்துவிட்டு, காதில் தண்ணீர் போயிருந்தது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றாள். பைசல் ஒரு வாரம் யோசித்தான்.

"தெரிஞ்சிக்கினே ஆறு போட்ருக்கா, அக்கா. அவகிட்ட போய் பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அக்காவையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனான். கருவாட்டு வியாபாரி ஜலாலுதீன், ஜபீனின் வாப்பா, நாற்காலி எடுத்துப் போட்டார். பைசல் உட்காராமல் தாளைப் பிரித்து வரிசையாகப் பதில் சொன்னான். கல்லை ஆஸ்பத்திரியில் எடுத்தாகிவிட்டது. ஆலைச் சத்தத்தில் முதல் இரண்டு தடவை யாருக்கும் கேட்காது, அதனால்தான் மூன்று தடவை. தூக்கம் ஷிப்டால் வந்தது. முகத்தைக் காட்டாதது வெட்கத்தால். ஜலாலுதீன் ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தார், மகன் அதைவிடப் புரியாமல் நின்றான்.

"எடது காது சுத்தமா கேக்காதுங்க மாமா. மறைச்சது தப்பு. இஷ்டம் இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க."

உள்ளே ஜபீன் சிரிப்பது வெளியே கேட்டது. கேமைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். எந்த மாப்பிள்ளை, என்ன கல் என்று அவள் சொல்லச் சொல்ல ஃபயாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று புரிந்ததும் பைசல் தாளை மறுபடி நாலாக மடித்தான். காது விஷயம் சும்மா தமாஷ் என்று ஃபிர்தௌஸ் இழுத்தாள். ஜலாலுதீன் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொல்லணும் என்று எழுந்தார்.

ஜபீன் நடுக்கூடத்தைச் சுற்றிவந்து பைசலின் வலது பக்கம் நின்றாள். வாப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இந்த மாப்ளைக்கும் எடது பட்டன் போயி நாலு மாசம் ஆவுது வாப்பா. வலது பக்கமாவே சுத்திக்கினு ஒம்போது கிரகம் வந்துட்டேன். இன்னா இப்போ?"

ஜலாலுதீன் மறுபடி உட்கார்ந்தார். தன் பக்கம் ஏதாவது சொல்லவேண்டும் என்று பைசலுக்குத் தோன்றியது. சம்மதம் என்றான். பழக்கதோஷம், மூன்று தடவை.